குழாயடி வரைக்கும் சத்தமில்லாமல்

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மேட்டுத்தெருவார் மனு வந்தது. தெருவில் குடியிருப்போர் வண்டி தவிர வேறு வண்டி நிற்கக் கூடாதாம். ஆணையர் சரி என்றார். அளவெடுக்க நான். சாரல்."

நான் அப்போது நகராட்சியில் ஓவர்சீயர். தெருவுக்கு டேப் பிடிப்பது, சாக்கடைக்கு மட்டம் பார்ப்பது, மனுக்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை.

ஏலக்காய் எடுப்புக் காலம் தொடங்கினால் போடியின் விடியல் ஜீப்புகளுடையது. மலைக்கு மேலே, கேரளத்து எல்லைக்கு அப்பால் உள்ள எஸ்டேட்டுகளுக்குப் பெண்களை ஏற்றிப் போவார்கள். சாயங்காலம் திரும்பும் ஜீப்புகள் இரவெல்லாம் மேட்டுத்தெருவில்தான் நிற்கும். போடியில் எத்தனையோ தெரு இருக்க அந்த ஒரு தெருவில் மட்டும் ஏன் நிற்கின்றன என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.

மனுவில் முதல் கையெழுத்து ஜவுளிக்கடை ராவுத்தருடையது. தெருவின் நடுவே, பச்சை ஜன்னல் வைத்த வீடு அவருடையது. அவர் மனைவி நீண்ட நாள் நோயில் இருந்தார். இரவு முழுதும் கண் மூடாதவர், விடியும் நேரத்தில்தான் சற்று அயர்வார். சரியாக அப்போது ஜீப்புகள் அந்த வீட்டு வாசலில் உறுமும்.

"மதுரை டாக்டரு மாத்திரையே எழுதல சார். தூக்கந்தான் மருந்துன்டாரு. அந்த மருந்த இவிங்க தெனமும் கீழ கொட்டிவிட்டுப் போறாங்க" என்றார் ராவுத்தர்.

திட்டம் எளிமையானது. தெருவில் வண்டி வைத்திருக்கும் வீட்டுக்குக் கதவு எண் எழுதிய தகர வில்லை ஒன்று. வில்லை உள்ள வண்டி நிற்கலாம். மற்றவை சந்தை மைதானத்துக்குப் போக வேண்டும்.

தெருக்காரர்களைக் குழாயடியில் கூட்டி இதைச் சொன்னேன்.

"கோலத்து மேல ஆயில் ஒழுகுது. நல்ல காரியம் பண்ணுங்க" என்றார் ஒரு அம்மாள்.

"எங்க வீட்டுல வண்டி இல்ல, எருமைதான் இருக்கு. அதுக்கு வில்லை உண்டா சார்?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் சிரித்தது. கணக்குப் பார்த்தால் அந்தத் தெருவில் ஒரு ஸ்கூட்டரும் ஒரு மாட்டுவண்டியும் மட்டுமே இருந்தன.

பின்வரிசை ஓட்டு வீடுகளிலிருந்து வந்தவர்கள் மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள். அவர்களில் பேச்சியம்மாள் என்பவர் மட்டும் சிரிக்கவில்லை.

"வண்டி யாரோடதுன்னு கேக்குறீகளே ஓவர்சீயரய்யா, ஏறுறது யாருன்னு கேட்டீகளா? நாங்க இந்தத் தெருவுல குடியிருக்கலையா?"

குறித்துக்கொள்கிறேன் என்றேன். குறித்தும் கொண்டேன். விதி அதற்குள் முடிவாகியிருந்தது.

மைதானம் தட்டையான, அகலமான இடம். எந்தக் குறையும் தெரியவில்லை. முதல் நாள் காலை அங்கே சாரல் பிடித்துக்கொண்டது. ஜீப்புகள் கிளம்பவில்லை. பழைய வண்டிகள், பலவற்றின் பேட்டரி பலவீனம். குளிரில் செல்ஃப் எடுக்காது. பெண்கள் இறங்கி, சேற்றில் கால் புதைய ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆள் எடுத்து முடிந்துவிட்டது. மறுநாளும் அதே கதை.

அன்று மதியம் பேச்சியம்மாள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது.

"கங்காணி 'நாளெ மதி', நாளைக்கு வந்தாப் போதும்னு மலையாளத்துல சொல்லித் திருப்பி அனுப்பிட்டான். இன்னொரு நா பிந்துனா எங்க எடத்துல வேற ஆளப் போட்டுருவான். இந்த சீசன் போச்சுன்னா அடுத்த ஆவணி வரைக்கும் எங்களுக்குச் சோலி இல்லய்யா."

"மேட்டுத்தெருவுல மட்டும் எப்படிக் கிளம்புச்சு?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அங்கன எங்க கிளப்புனாங்க? உருட்டுனாங்க."

சாயங்காலம் தெருவுக்குப் போனேன். ஜீப் டிரைவர் சின்னச்சாமி, ராவுத்தர், பேச்சியம்மாள் மூவரும் வந்தார்கள். மேற்கே மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தெரு அதன் அடிவாரம் போல் சரிந்து கிழக்கே குழாயடியில் போய்த் தட்டையானது. சாக்கடைக்காக அந்தச் சரிவை நானே மட்டம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஓடுவதற்கு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். மேட்டில் நிற்கும் ஜீப், சக்கரத்துக் கல்லை எடுத்தால் தானாக இறங்கும். வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த வேகம் கூடும் இடம்தான் பச்சை ஜன்னல்.

ராவுத்தர் மேட்டிலிருந்து தன் வாசல் வரைக்கும் சரிவைக் கண்ணால் அளந்தார். "எனக்கு ஜீப்பு மேல கோவம் இல்ல சார். அது உறுமுற எடந்தான்..."

பேச்சியம்மாள் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏன்டா சின்னச்சாமி, அண்ணே வீட்டத் தாண்டி விட்டா என்னடா?"

"தாண்டி விடலாம் அக்கா. குழாயடி வரைக்கும் உருளும். ஆனா அங்கன பிடிக்கலேன்னா நின்னுரும். ரெண்டாவது தடவை கெடையாது."

"நின்னா தள்ளுறோம். மைதானத்துல மட்டும் என்ன, தேரா இழுத்தோம்?"

"வண்டிய நான் அமத்திருவேன். ஒங்க வாயிக்கு யாரு கிளட்ச்சு பிடிக்கிறது?"

ராவுத்தர் அன்றுதான் சிரித்து நான் பார்த்தேன். "பேச்சி, நீ வாய மூடிக்கிட்டுப் போவேன்னா நானே வந்து கல்ல எடுத்துவிடுறேன்."

அன்றிரவே ஆணையரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏறுகிறவர்கள் குடியிருப்போர்தான் என்பதால், பின்வரிசை வீட்டு எண்களில் ஜீப்புகளுக்கு வில்லை கொடுக்க அனுமதி வாங்கினேன். மனு கொடுத்தவரே சம்மதித்த பிறகு ஆணையருக்கு மறுப்பில்லை.

மறுநாள் விடியலில் நான் குழாயடியில் நின்றேன். பனியும் சாரலும் கலந்து தெருவின் மேற்பாதி காணாமல் போயிருந்தது. பழைய மூட்டைகளின் ஏலக்காய் வாசனை காற்றில் இறங்கி வந்தது. பிறகு வெண்மைக்குள்ளிருந்து முதல் ஜீப் வந்தது. விளக்கு இல்லை, எஞ்சின் இல்லை. ஈரத் தரையில் டயர் ஒட்டிப் பிரியும் ஓசை மட்டும். உள்ளே பெண்கள் தலையில் துண்டு சுற்றி, முழங்கால் சேர்த்து, பாதித் தூக்கத்தில் அசைந்தபடி இருந்தார்கள். மலைக்குப் போகிறவர்கள் மலைக்கு முதுகு காட்டி, ஓடத்தில் போவது போல் போனார்கள். பச்சை ஜன்னல் வீட்டு வாசலில் ராவுத்தர் நின்றார். அவரைக் கடக்கும்போது பேச்சியம்மாள் துண்டின் நுனியைப் பல்லில் கடித்திருந்தார்.

குழாயடியில் முதல் வண்டி பிடித்தது. இரண்டாவதும் பிடித்தது. சின்னச்சாமியின் வண்டி ஒருமுறை இருமி, அடங்கி, தட்டைத் தரைக்கு வந்து வேகம் குறைந்து, கடைசி உருளலில் பிடித்தது. அதன் பிறகுதான் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் வளைவு திரும்பி, மேட்டுப் பாதையை நோக்கிப் போய்த் தேய்ந்தது. அன்று அவர்களுக்கு வேலை கிடைத்தது. அந்த சீசன் முழுதும் கிடைத்தது.

வண்டி நிறுத்த விதி எழுதப் போகும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. டேப்பை எடுக்கும் முன், வண்டிகள் கிளம்பும் நேரத்தில் ஒருநாள் அந்தத் தெருவில் போய் நில்லுங்கள். நாங்கள் நிற்கும் வண்டிகளை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டோம்.

அடுத்த ஆண்டு நாட்குறிப்பில் ராவுத்தர் சொன்னது இருக்கிறது: "அன்னையிலருந்து வீட்டுல விடியக்காலம் நல்லாத் தூங்குறாக சார்."

அதற்கும் அடுத்த ஆண்டில் பேச்சியம்மாள் சொன்னது இருக்கிறது: "அண்ணே வீட்டு மதினி எங்கய்யா தூங்குது? நாங்க சரிவுல இறங்குறதப் பாக்க தெனமும் ஜன்னலோரம் வந்து நிக்கும். நாங்க கையாட்டுவோம், அதுவும் ஆட்டும். வாசல்ல நிக்கிற அண்ணனுக்குத் தெரியாது."

இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்லர். ராவுத்தரின் மனைவி பின்னர் உடல் தேறி, மகனோடு கம்பத்துக்குப் போய்விட்டார். அந்த விடியல்களில் அவர் தூங்கினாரா, விழித்திருந்தாரா என்று நான் கேட்டதில்லை. அது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.