மஞ்சள் துணிக்குள் ஒரு பேரரசர்

காலை ஏழு மணி ரயிலில் கொழும்பு கோட்டையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டேன். பையில் ஒரு பூதக்கண்ணாடி, இரண்டு வாழைப்பழம். அங்கே மஹய்யாவையில் தையற்கடை வைத்திருக்கும் செல்வராஜ், தன்னிடம் பழைய ரோமாபுரி வெண்கலக் காசு ஒன்று இருப்பதாக எழுதியிருந்தார். அதிலுள்ள அரசன் பெயரில் கடைசி மூன்று எழுத்துகள்தான் அவருக்குப் பிடிபட்டனவாம்: ஐ, வி, எஸ். லத்தீனில் அது 'இயுஸ்'; பாதி ரோமப் பேரரசர்களின் பெயர் அப்படித்தான் முடிகிறது! முன்பாதியை வாசிக்காமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. லத்தீன் படிப்பித்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

பத்து மணி. நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். "காசு பாக்கிறதுக்குக் காசு செலவழிக்கிற ஆள இப்பதான் காண்றன்" என்றார் சாரதி.

செல்வராஜ் வாசலிலேயே தலையைச் சொறிந்தார். மகள் சுமதிக்கு வரன் அமைய வேண்டுமென்று அவர் மனைவி ராஜேஸ்வரி நேர்ந்துகொண்டு, அலுமாரியில் கைக்கு அகப்பட்ட அந்தக் காசையே மஞ்சள் துணியில் முடிந்து சாமிப்படத்தின் முன் வைத்துவிட்டாராம்.

"ஒரு நிமிசம் அவிழ்த்துப் பாக்கலாமோ?" என்றேன்.

"ஐயோ, முடிச்ச அவுக்கக் கூடாதுங்க. கல்யாணம் கூடினதும் அப்படியே உண்டியல்ல போடணும்" என்றார் ராஜேஸ்வரி.

மூன்று மணிக்கு மாத்தளையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சம்பந்தம் கூடினால் காசு போச்சு. செல்வராஜ் சொந்த மகளையே குறை சொல்லத் தொடங்கினார். "இவளுக்கு ஒழுங்கா சமைக்கத் தெரியாதுங்க."

"நான் நல்லா சமைப்பேன் மாமா" என்றான் மாப்பிள்ளை.

தேநீர்த் தட்டுடன் நின்ற சுமதி அப்பாவை முறைத்தாள். மாப்பிள்ளையின் தகப்பனார் என் பக்கம் திரும்பி, "படிச்சவங்க நீங்க. பொண்ணப் பத்திச் சொல்லுங்க" என்றார். செல்வராஜ் என் காலை மிதித்தார். நான் சுமதியைப் பார்த்தேன். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. பேரரசராவது மண்ணாவது!

"தங்கமான பிள்ளை" என்றேன்.

சம்பந்தம் பேசி முடிந்து, ஆறு மணிக்கு எல்லோருமாகப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். மஞ்சள் முடிச்சு உண்டியலுக்குள் விழுந்ததும் செல்வராஜ் தேம்பி அழுதார். பெண்ணைப் பிரியும் தகப்பன் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உருகினார்கள். அவர் எதற்கு அழுதார் என்பது எனக்குத்தான் தெரியும். எனக்கும் அடக்க முடியவில்லை. கைக்குட்டையை எடுத்தேன்.

"நீங்க பொண்ணுக்குத் தாய்மாமனுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். அழுகையில் தலையாட்டிவிட்டேன்.

வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் சீரோடு மறுபடியும் கண்டிக்கு ரயில் ஏற வேண்டும்.