மூன்று தொட்டிகளுக்கு மட்டும்

மீன் தீவனம் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. பெங்களூரின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட கொட்டகைதான் ஆய்வகம். வாரம் இரண்டு முறை சிவாஜிநகர் மீன் கடைகளிலிருந்து தலையும் குடலும் டப்பாக்களில் வரும். அவற்றை அரைத்து, வெந்நீரும் நொதியும் சேர்த்துச் சில மணி நேரம் கிளறினால் புரதம் உடைந்து கரைந்துவிடும். முள்ளை வடிகட்டினால் மிஞ்சுவது ஒரு பழுப்புத் திரவம். அதன் பெயர் மீன் புரத ஹைட்ரோலைசேட். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. அம்மா என் துணிகளுக்குத் தனி வாளி வாங்கி வைத்தார்.

சோயாவில் செய்த மலிவான தீவனத்தில் இந்தத் திரவத்தைக் கொஞ்சம் சேர்த்தால் ஜிலேபி மீன் கூடுதலாக வளருமா என்று பார்க்க வேண்டும். ஆறு தொட்டிகள், எட்டு வாரம். மூன்றுக்குத் திரவம் சேர்த்த தீவனம், சிவப்பு மூடி டப்பாவில். மற்ற மூன்றுக்கு வெறும் சோயா, நீல மூடி.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். திரவத்தைக் குழம்பு என்றுதான் சொல்வார். செத்த மீனை எனக்கு முன்பே கண்டுபிடிப்பார், சாகப்போகிற மீனையும்.

முதல் இரண்டு வாரம் சிவப்பு மூடி மீன்கள் முந்தின. பிறகு வித்தியாசம் வளரவே இல்லை. ஆறாம் வாரம் எல்லா மீனும் கிட்டத்தட்ட ஒரே எடை. நான் தராசைச் சந்தேகப்பட்டேன். பிறகு தண்ணீரை, நொதியை, கடைசியில் என் படிப்பை. ‘சாத்தியமான காரணங்கள்’ என்று மேலாளருக்கு இரண்டு பக்கம் எழுதினேன்.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போனேன். அக்கா ஒரு பேசினில் இரண்டு டப்பாத் தீவனத்தையும் கொட்டிக் கையால் கலந்துகொண்டிருந்தார்.

“என்ன அக்கா பண்றீங்க?”

“பாதி பாதி மேடம். அளவு மாறாது.”

“எப்பலருந்து?”

“மூணாவது வாரம். பக்கத்துத் தொட்டில குதிச்சுக் குதிச்சுத் தின்னுது. இந்த நீல மூடி மீனுங்க ஒரு உருண்டைய வாயில வாங்கித் துப்பிடுது. பாக்கவே பேஜாரா இருந்துச்சு. ரெண்டு புள்ளைய உக்கார வெச்சு ஒண்ணுக்கு மட்டும் கொழம்பு ஊத்துவீங்களா?”

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ இதுங்க எளைக்கணும்னே வெச்சிருக்கீங்க.”

“எளைக்கணும்னு இல்ல. கம்மியா வளரும்.”

“அதத்தான் சொல்றேன்.”

தீவனம் கலந்துவிட்டது என்று மேலாளரிடம் சொன்னேன். எப்படி என்று கேட்டார். இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்றேன். இரண்டுமே உண்மை. அவர் தனி அலமாரி ஒன்று வாங்க அனுமதி கொடுத்தார். அக்காவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவர் போய்விட்டால் மீன் தலையை நான்தான் அரைக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

புது மீன்களோடு மறுபடி எட்டு வாரம் தொடங்கினோம். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “நீல மூடிய நீங்களே போடுங்க மேடம். எனக்கு ஆகாது.” நானே போட்டேன். மீன்கள் மேலே வரும், ஒரு உருண்டையை வாங்கும், துப்பும், என் பக்கம் பார்க்கும். மீனுக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். நான்காவது வாரத்திலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு போட ஆரம்பித்தேன்.

எட்டாம் வாரம் சிவப்பு மூடி மீன்கள் தெளிவாகப் பெரிதாக இருந்தன. மேலாளர் என் கையைக் குலுக்கினார். கடைசி எடையைக் குறித்து முடித்ததும், மிச்சமிருந்த சிவப்பு மூடித் தீவனம் முழுவதையும் அக்கா நீல மூடி மீன்களின் மூன்று தொட்டிகளுக்கே போட்டார். தண்ணீர் எங்கள் மேல் தெறித்தது. நான் தடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து வேலை செய்கிறவர்களுக்கு மீன்களைப் பகிர்ந்து கொடுத்தார்கள். அக்கா இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள், எல்லாம் ஒரே ருசிதான் என்று சொன்னார்.

“சாப்பிட மனசு வந்துச்சா அக்கா?”

“ஏன் மேடம், வயிறாரத்தானே போட்டோம்” என்று சொல்லிவிட்டுத் தொட்டி கழுவப் போனார்.