மாத்திரையும் நார்த்தங்காயும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஞாபகமும் முன்னே பின்னே போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி. நிணநீர்ப் புற்றுநோயாம்; அது மூளையில் வருவது அபூர்வம் என்றார்கள். ஊசி மருந்தில் கரைந்தது, மறுபடியும் வந்தது. அப்புறம்தான் பாண்டி ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள்.

"ஊசி மாதிரி உடம்பு முழுக்கப் போட்டு அடிக்காதும்மா. கட்டி வளர்றதுக்கு ஒரு சுவிட்சு இருக்கு, அத மட்டும் அணைக்கும்" என்றார் டாக்டர். பப்ளிமாஸ், கிச்சிலி, அந்த இனத்துப் பழம் எதுவும் ஆகாது, மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறிவிடும் என்றும் சொன்னார்.

எங்கள் பாகூர் பக்கம் நோயாளிக்குக் கஞ்சியும் உப்பு நார்த்தங்காயும்தான். நார்த்தையும் அந்த இனம்தானே என்று ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

மாத்திரை வேலை செய்தது. கோணிய வாய் நிமிர்ந்தது. தடி ஊன்றிக் கரும்புக் கொல்லை வரைக்கும் நடந்தார். ஆனால் கஞ்சியைக் கண்டால் சண்டைதான்.

"எங்கடி நார்த்தங்கா?"

"டாக்டர் வேணான்னுட்டாருங்க."

"அவரு இன்னா, கஞ்சியே குடிச்சதில்லியா? ஒரு துண்டு குடுடி, நாக்கு செத்துப்போச்சு."

மகள் அதட்டினாள். "நைனா, உசுரு வேணுமா, ஊறுகா வேணுமா?"

"ரெண்டும்தான் வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.

கரும்பு வெட்டுவதற்குள் கால் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. மறுபடி படம் எடுத்துப் பார்த்த டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். வேறு மருந்து இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். கூச்சத்தில் வாய் வரவில்லை. மகள்தான், "சாப்பாட்டுக்கு இன்னா பத்தியம் சார்?" என்றாள்.

"இனிமே பத்தியம் ஒண்ணும் வேணாம்மா. அவருக்குப் பிடிச்சதக் குடுங்க."

நான் தலையாட்டினேன். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜாடியை இறக்கினேன். ஒரு துண்டை நசுக்கிக் கஞ்சியில் கரைத்து அவர் நாக்கில் வைத்தேன். விழுங்கத் தெரியவில்லை. கடைவாயில் வழிந்தது. புளிப்புக்கு முகம்கூடச் சுளிக்கவில்லை. இப்போது தண்ணீரும் இறங்குவதில்லை. நான் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரையின் பெயர் எனக்கு எழுத வரவில்லை. படித்தவர்கள் யாராவது இதையெல்லாம் சரிபாருங்கள். முக்கியமாக, நார்த்தங்காயும் அந்த இனம்தானா, உப்பில் ஊறினாலும் ஆகாதா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.