கணக்கு டீச்சர் கையில் இருந்த பெட்டி

பெட்டியோடு போனாளாம். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, விடிந்தும் விடியாததுமாகக் கையில் பெட்டியோடு கணக்கு டீச்சர் வீட்டை விட்டே போய்விட்டாளாம். நன்றாயிருக்கிறது கதை! வீட்டை விட்டுப் போகிறவள் அடுப்பில் பாலை ஏற்றி வைத்துவிட்டா போவாள்? கைப்பையைக் கட்டில் மேல் போட்டுவிட்டுக் கையில் காசில்லாமலா போவாள்? இதைக் கேட்டால் மட்டும் ரேடியோ அத்தைக்கு வாய் அடைத்துப்போகும். எதிர்வீட்டு மாடியில் ஒரு ஈரத் துண்டைக் காயப்போட அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற மகராசி அவள். பார்த்தது பெட்டியை மட்டும்தான். சண்டையையும் கண்ணீரையும் அவளே சேர்த்துக்கொண்டாள். கேட்டவர்களும் உப்புப் போதவில்லை என்று தங்கள் பங்குக்குக் கொஞ்சம் போட்டார்கள்.

அது என்ன பெட்டி, எங்கே போனது என்று ஒருத்தராவது கேட்டார்களா?

டீச்சருக்குச் சர்க்கரை வந்து வருஷம் ஆகிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வட்டம் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், இடது பாதமெல்லாம் ரத்தம். எந்தப் பிள்ளையோ கீழே போட்ட காம்பஸின் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறியிருந்தது. எப்போது குத்தியது என்று அவளுக்கே தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்து அவள் பயப்படவில்லை. வலிக்கவில்லையே என்றுதான் பயந்தாள்.

"சர்க்கரை கால் நரம்புல வேலையைக் காட்டுது டீச்சர்" என்றார் டாக்டர். "தினமும் முக்கால் மணி நேரம் நடந்தே ஆகணும். இப்படியே விட்டீங்கன்னா, நாளைக்கு ஒரு புண்ணு வந்தா ஆறாது. காலையே எடுக்கிற மாதிரி ஆயிடும்."

நல்ல டாக்டர்தான். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் எந்த மருந்துக்கடையில் கிடைக்கும் என்று சீட்டில் எழுதிக்கொடுக்க மறந்துவிட்டார்.

வருகிற வழியிலேயே டீச்சர் ஒரு ஜோடி ஷூ வாங்கினாள். வீட்டில் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தாள். புருஷன் பேப்பரை இறக்கிப் பார்த்தார். போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் நாளெல்லாம் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குச் சிரிப்பெல்லாம் வீட்டில்தான் வரும்.

"என்ன, ஓட்டப்பந்தயமா? நீ கப்பு ஜெயிச்சுட்டு வந்தா எங்க வைக்கிறது? அலமாரியில இடமில்லையே!"

தன் ஜோக்குக்குத் தானே கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஷூ பெட்டிக்குள் போயிற்று. பெட்டி கட்டிலடிக்குப் போயிற்று.

அப்புறம் அவளுக்கு நடக்க மனசில்லாமல் இல்லை, நடக்க விட்டால்தானே? காலையில் சமையல், இரண்டு டப்பா சாப்பாடு, தன் தோளில் கிடக்கிற துண்டையே தேடுகிற புருஷன். சாயங்காலம் சுமாராகப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். அது முடிந்தால், "எம் பையன் வீட்ல நல்லாப் படிக்கிறான், பள்ளிக்கூடத்துலதான் மறந்துடறான்" என்று வாசலில் நிற்கிற அம்மாக்கள். அதற்கப்புறம் விடைத்தாள் கட்டு.

ஃப்ரீ பீரியடில் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார்.

"டீச்சர், சும்மாதானே சுத்திக்கிட்டிருக்கீங்க? எட்டாம் வகுப்புக்கு வாத்தியார் வரல. போய்ப் பாத்துக்குங்க."

நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தால் அவர் கணக்கில் அது ஓய்வு, பாவம். காலை அசைத்தால் வேலையில்லாமல் திரிவது. மைதானமும் போயிற்று.

அப்போதுதான் டீச்சருக்கு மூன்றாம் மாடி கண்ணில் பட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் சர்வீஸ் ஏற ஏற வாத்தியார்கள் கீழே இறங்குவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மாடி, பழையவர்களுக்குத் தரைத்தளம். கணக்கு டீச்சர் எப்போதோ கீழே வந்தாயிற்று. முழங்கால் வலியோடு மேலே ஏறிக்கொண்டிருந்தவள் சயின்ஸ் டீச்சர்.

"உங்க மாடியை எனக்குக் குடுங்க, என் கீழ் கிளாஸை நீங்க எடுத்துக்குங்க" என்றாள் கணக்கு டீச்சர்.

"ஏங்க, உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சா?"

"ஆயிடக் கூடாதுன்னுதான்."

நாளெல்லாம் ஏறினாள், இறங்கினாள். அது போதாதென்று சாக்பீஸைக் கீழேயே விட்டுவிட்டுப் போவாள். போய் எடுத்து வருவாள். அடுத்து ஸ்கேலை விட்டுவிடுவாள். "டீச்சர், நான் போய் எடுத்துட்டு வரேன்" என்று ஒரு பெண் எழுந்தால், "உக்காந்து கணக்கைப் போடும்மா, அது என் வேலை" என்று இறங்கிவிடுவாள். மூச்சு வாங்கும், வியர்க்கும், மனசுக்குள் சிரிப்பாக இருக்கும். வேலை நேரத்தைத் திருடாமல், ஒருத்தரிடமும் கை நீட்டாமல், தன் நடையைத் தானே சம்பாதித்துக்கொண்டாள். மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் குளியலறைக்குள் கால் வைத்தபோது தரை சில்லென்றது. டீச்சர் அப்படியே நின்றாள். காலை எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். ஆமாம், சில்லென்றுதான் இருந்தது. உள்ளே நின்று அழுதுவிட்டுத்தான் குளித்தாள்.

ஊருக்குப் பொறுக்குமா? அவள் வகுப்புப் பிள்ளை ஒன்று ரேடியோ அத்தைக்குப் பக்கத்து வீடு. "எங்க டீச்சர் தினமும் சாக்பீஸை மறந்துடறாங்க" என்று அது வீட்டில் சொல்லி வைத்தது. போதாதா? மறதி, மூன்றாம் மாடி. இரண்டையும் சேர்த்து அத்தை ஒரு முழுச் செய்தி தயாரித்துவிட்டாள். இஸ்திரிக் கடையில் சட்டைக்காக நின்றிருந்த டீச்சர் புருஷனைப் பிடித்தாள்.

"ஏன் தம்பி, டீச்சரம்மாவுக்குத் தண்டனை குடுத்து மேல தூக்கிப் போட்டுட்டாங்களாமே? மூளைக்கு ஏதோன்னு சொல்றாங்க. நான் நம்பல. உங்ககிட்ட கேட்டுக்கலாம்னுதான்..."

நம்பாதவள் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

அந்த மனுஷன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நேரே தலைமையாசிரியரிடம் போனார். சாயங்காலம் டீச்சர் வந்ததும், பரிசு கொண்டு வந்தவர் மாதிரி நின்றார்.

"நான் பேசிட்டேன். நாளையிலேருந்து உனக்குக் கீழ் கிளாஸ்தான். பரீட்சைப் பொறுப்பும் உனக்கே. ஆபீஸ் ரூம்ல ஃபேனுக்கு அடியில சேர். இனிமே நீ எந்திரிக்கவே வேணாம்!"

டீச்சர் பையைக் கீழே வைத்தாள்.

"உங்களை யாருங்க கேட்டது?"

"நீ கேட்டாத்தானா? புருஷன்னு நான் எதுக்கு இருக்கேன்?"

"கால் மரத்துப் போகுதுங்க எனக்கு. அதுக்குத்தான் நானே மாடியைக் கேட்டு வாங்கினேன்."

"அடடா, அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"ஷூ வாங்கிட்டு வந்தன்னிக்குச் சொன்னேன். கப்பை எங்க வைக்கிறதுன்னு கேட்டீங்க."

மனுஷன் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அப்புறம், "சரி விடு, பெரிய லீவுல சாவகாசமா நடந்துக்கலாம்" என்றார். சர்க்கரையும் பெரிய லீவு வரைக்கும் வாசலில் காத்திருக்கும் என்று நினைப்பு.

தலைமையாசிரியரிடம் போய் டீச்சர் மாடியைத் திரும்பக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக் கேட்டுட்டுப் போயிருக்கார். மறுபடி மேல அனுப்பினா என்னை மனுஷன்னே சொல்ல மாட்டாங்க" என்றார் அந்தப் புண்ணியவான். நாற்காலிக்கு ஒரு மெத்தையும் போட்டுக் கொடுத்தார்.

சில வாரங்கள்தான். ஒருநாள் காலையில் குளியலறையில் கால் வைத்தாள். தரை ஈரமாகத்தான் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வைத்தாள். அதே காலைத் தூக்கி அழுத்தி வைத்தாள். கட்டை மாதிரி இருந்தது.

வெளியே வந்தாள். பாலை அடுப்பில் ஏற்றினாள். கட்டிலடியில் குனிந்து பெட்டியை இழுத்து, ஷூவை எடுத்துப் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டினாள். காலிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"டீ என்னாச்சு?"

"பால் அடுப்புல இருக்கு. பொங்கினா அணைச்சிடுங்க. டீத்தூள் மேல் தட்டுல."

"நீ எங்க போற?"

"நடக்க."

"இப்பவா? ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் யார் சமைக்கிறது?"

"டீ போட்டுப் பழகுங்க, மத்தது தானா வரும்."

கதவைத் திறந்து வெளியே வந்தாள். எதிர்மாடியில் ஈரத் துண்டோடு ரேடியோ அத்தை தயாராக நின்றாள்.

"எங்க டீச்சரம்மா, காலங்காத்தால பெட்டியும் கையுமா? எப்ப வருவீங்க?"

"நடந்து முடிச்சதும்."

தெருமுனைக் குப்பைத்தொட்டியில் பெட்டியைப் போட்டாள். இனி அந்த ஷூ ஒளிந்துகொள்ள வீட்டில் இடமில்லை. பின்னாலேயே வாசலுக்கு ஓடி வந்த புருஷன் கரண்டியோடு கத்தினார்.

"ஏம்மா, பால் பொங்குது! எந்தப் பக்கம் திருகணும்?"

டீச்சர் திரும்பவில்லை. வகுப்பில் சொல்கிற அதே குரலில், "யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தெருமுனையைத் தாண்டி நடந்தாள்.