மகளுக்குக் கசப்பேற்றியவள்

என் கணவரின் வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அதில் ஒரே ஒரு சொல்தான் எனக்குப் புரியவில்லை. 'எம்பிட்டர்'. எட்டு வயது மகளை அவள் அப்பாவுக்கு எதிராக நான் 'எம்பிட்டர்' செய்துவிட்டேனாம். அதனால் பிள்ளையை அவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம்.

திருவொற்றியூர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து போனில் அர்த்தம் பார்த்தேன். கசக்கச் செய்தல். சாப்பாட்டுக்கு இந்தச் சொல்லை இப்போது யாரும் போடுவதில்லையாம், மனிதர்களுக்கும் உறவுகளுக்கும்தானாம். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ?

எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். எண்ணூர் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறவர், வாரக்கணக்கில் வீட்டை எட்டிப் பார்க்காமல் இருந்து, கடைசியில் தனி வீடு பார்த்துப் போய்விட்டார். திட்டாமல் கொஞ்சவா முடியும்? ஆனால் சத்தியமாக, பிள்ளையிடம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் அடுப்படியில் மீன் கழுவும்போது ஏதோ நினைப்பில் பித்தப்பையை உடைத்துவிட்டேன். எத்தனை தண்ணீர் ஊற்றி அலசினாலும் அந்தக் கசப்பு போகாது. சட்டென்று உறைத்தது. தினமும் இதே இடத்தில்தான் தங்கையிடம் போனில் அவரைக் கரித்துக்கொட்டுவேன். இரண்டடி தள்ளி மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். ஐயோ, எல்லாம் அவள் காதில் விழுந்திருக்குமே!

வழக்கு குடும்பநல கோர்ட்டுக்குப் போனது. அங்கே ஆலோசகர் அம்மா, மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். நடைவழியில் காத்திருந்தோம்.

"கதவ சாத்திடுவாங்களாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"பயமா இருக்குதா? தொறந்தே வெக்க சொல்றேன், கண்ணு."

அவள் வேகமாகத் தலையாட்டினாள். "வேணாம். சாத்தட்டும்."

கதவு மூடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் என் கதை முடிந்தது.

பிறகு ஆலோசகர் என்னை உள்ளே கூப்பிட்டார். "பொண்ணு உங்ககூடதான் இருப்பேன்னு சொல்றா. கவலைப்படாதீங்க. ஆனா நீங்க இதையும் தெரிஞ்சுக்கணும். அப்பாவை ரொம்பப் புடிக்குமாம். 'அம்மாவாண்ட சொல்லிடாதீங்க'ன்னு என் கையப் புடிச்சிக்கினு அழுதா."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அவளை அவரிடம் கொண்டுபோய் விடுகிறேன். தங்கையிடம் பேச மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். ஆனாலும் அந்த மூடிய கதவு மனதை விட்டுப் போகவில்லை. நான் கோர்ட்டுக்குப் பயந்து நின்ற நேரமெல்லாம், உள்ளே என் மகள் எனக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.