பெட்டிக்குள் போன நெத்திலி

“கருவாட்டப் பத்தி கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? நாப்பது வருசமா கண்ணால பாத்து விக்கேன். நீ வந்து படம் போட்டுக் காட்டப் போறியாக்கும்?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கடை அண்ணாச்சி கேட்டது இது. துறைமுகச் சாலையில் அவருக்குக் கருவாட்டை அடுக்கிவைத்து விற்கும் ஒரு கிட்டங்கி. ஆன்லைன் கடையும் தொடங்கியிருந்தார். அதில் வரும் ஆர்டர்களை ஒரு அறிக்கை மென்பொருளோடு இணைத்து, எது எவ்வளவு விற்கிறது என்று ஒரே திரையில் காட்டுவது என் வேலை. அதே கிட்டங்கியின் பின்பக்கம் அம்மா நெத்திலியைச் சிறு பைகளில் அடைத்து ஒட்டுகிறாள். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முன்னறையில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே, தண்ணீர் குடிக்கும் சாக்கில் அம்மா அடிக்கடி வந்து போவாள். அவ்வளவு தாகம் யாருக்கும் வராது.

மூன்றாவது வாரம் திரை தயாரானது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மாசிக் கருவாட்டின் பட்டை உயரமாக நின்றது. வாளை பரவாயில்லை. நெத்திலிச் சிறு பைக்கு மட்டும் தரையோடு ஒட்டிய ஒரு கோடு.

“இது விக்கவே இல்லையா?”

“ஆமா அண்ணாச்சி. மூணு மாசமா இப்படித்தான்” என்றேன். என் குரலில் இருந்த மிடுக்கை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

“நல்ல வேளை காட்டுன. வார திங்கள்ல இருந்து சின்னப் பை வேண்டாம். அந்த மூணு பேரையும் நிப்பாட்டிருவோம்.” சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. “உங்க அம்மாவும் அங்கனதான இருக்கா?” என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அன்று வீடு திரும்பும் பஸ்சில் அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள்.

“ஏளா, விக்காத சாமானையா தினமும் இடுப்பு ஒடிய ஒட்டிக்கிட்டு இருக்கேன்?” என்றவள், பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம் திரும்பி, “எம்மவ கம்ப்யூட்டர்ல படம் போட்டா. என் வேலையே போயிட்டு” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அந்தப் பெண் என்னை முறைத்தாள்.

திரையில் பிழை இருக்கவேண்டும் என்று விரும்பினேன். அம்மாவுக்காக அப்படி விரும்புகிறேன் என்பதும் தெரிந்தது. அதனாலேயே மறுநாள் நெத்திலியைத் தொடாமல் வாளையிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தேன். விற்றதும் இருப்பில் குறைந்ததும் பொருந்தின. மாசியில் கணக்கு கொஞ்சம் இடித்தது. நெத்திலிக்கு வந்தபோது திரையின்படி அலமாரி நிறையப் பைகள் இருக்க வேண்டும். எழுந்துபோய்ப் பார்த்தேன். இரண்டு தட்டுதான் கிடந்தது.

மீதி எங்கே போனது என்று ஆர்டர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் விரும்பி வாங்குவது ‘ஊர்ப் பெட்டி’. ஒரு பெரிய மாசியும் நான்கு சிறு பை நெத்திலியும் அதில் இருக்கும். மென்பொருள் பெட்டியை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு தனிப் பட்டையாகக் காட்டியிருந்தது. உள்ளே இருப்பதைப் பிரித்து எண்ணும்படி நான் இணைக்கவே இல்லை. பிழை என்னுடையது. பிரித்து மறுபடி இணைத்ததும் நெத்திலியின் பட்டை எழுந்து, மாசியைத் தாண்டி நின்றது.

அண்ணாச்சியிடம் அதைச் சொல்ல எழுந்தேன். இனி எந்தப் படத்தைக் காட்டினாலும் இவர் நம்பமாட்டார் என்று நினைத்தேன். ஆனாலும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “நான் தப்பா இணைச்சிட்டேன் அண்ணாச்சி” என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்தார். “அந்தப் பெட்டிக்குப் பேரு வச்சதே நான்தானளா. உன் படத்தப் பாத்ததும் எனக்கும் மறந்துபோச்சு பாரு” என்றார். பிறகு பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏளா, திங்கக்கிழமை மூணு பேரும் வந்திருங்க. நெத்திலிக்கு ஆர்டர் நெறைய வருது!”

“வராம எங்க போவோம் அண்ணாச்சி?” என்று அம்மாவின் குரல் வந்தது. வேலை போகவிருந்தது தெரிந்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

விற்றதை மட்டும் பார்க்கும் திரை எனக்குப் போதவில்லை. அடைத்ததையும் எண்ண, ஒட்டும் மேசையில் பழைய செல்போன் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறேன். அதில் எழுத்தே கிடையாது. மூன்று மீன் படங்கள்தான். ஒரு தட்டு நிறைந்ததும் படத்தைத் தொட்டால் என் திரையில் எண் ஏறும். இன்று காலை ஒன்பதரைக்கு நெத்திலியில் ஒன்று ஏறியது. அடுத்த நொடியே இன்னொன்று. எட்டிப் பார்த்தேன். தட்டு ஒன்றுதான் நிறைந்திருந்தது.

“சும்மா அமுக்கிப் பாத்தேன்” என்றாள் அம்மா.

தவறி அமுக்கியதை அழிக்க, நான்காவதாக ஒரு படத்தையும் சேர்த்துவிட்டேன்.