கோதாவுக்குள் உலோகம் ஆகாது

என் அக்காவின் கணவருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. முதுகு தளரவில்லை. அறுபதைத் தாண்டியும் அந்த முதுகின் மேல் பலகை இல்லாமலே கேரம் ஆடலாம். மைசூரில் கரடிமனை என்று சொல்கிற குஸ்திக்கூடத்தில் வளர்ந்த முதுகு.

நெஞ்சில் ஒரு கருவி வைத்தால்தான் இதயம் சீராகத் துடிக்கும் என்றார் டாக்டரம்மா. மாமா மாட்டேன் என்றுவிட்டார். கோதாவில் இறங்குகிறவன் மோதிரம், தாயத்து, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். குஸ்தி போடும் அந்தச் செம்மண்ணில் உலோகம் ஆகாது.

"வெளியில இருக்கறதக் கழட்டலாம். உள்ள இருக்கறத எங்க கழட்டறது, மாப்பிள்ளே?"

அக்கா அழுது பார்த்தாள். பேசாமல் இருந்தும் பார்த்தாள். அதை அவர் ஓய்வு என்று எடுத்துக்கொண்டார்.

நான் படித்தவன் என்றொரு வதந்தி குடும்பத்தில் உண்டு. அதைக் காப்பாற்ற எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒன்று சிக்கியது: முதுகின் அகன்ற தசையைப் பிரித்து, மார்புக்குள் கொண்டுபோய், தளர்ந்த இதயத்தைச் சுற்றிப் போர்த்துவது. தசை அழுத்த, இதயத்துக்குத் துணை கிடைக்கும்.

"சொந்தச் சதை! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே மாமா சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார்.

"நல்ல முதுகுதான் சார். ஆனா அந்த ஆபரேஷன் இப்ப பண்றதில்ல. எதிர்பார்த்த பலன் கெடைக்கல."

"இந்த முதுகப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"முதுகுத் தசை சீக்கிரம் களைச்சிடும். இதயம் மாதிரி ஓயாம வேலை செய்ய அதப் பழக்கணும்."

"பழக்கறதுதானே நம்ம வேலை!"

"தண்டால் போட்டு இல்ல சார். தோலுக்கடியில பேட்டரி வெச்சு, கரன்ட் குடுத்து."

மாமா என் பக்கம் திரும்பினார். "அதுலயும் பேட்டரியா?"

அந்தப் பத்தியை நான் தாண்டிப் போயிருந்தேன். கூரையில் மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன்.

மாமா சட்டையை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். "எப்படியும் பேட்டரிதான்னா, முதுகையாவது விட்டுவைங்க. கருவியவே வெச்சுடுங்க." கூட வந்திருந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

காயம் ஆறியதும் கரடிமனைக்குப் போனோம். யாரும் தடுக்கவில்லை. அவரேதான் கோதாவின் விளிம்பில் நின்றுவிட்டார்.

"நீ எறங்கி ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வா."

வாட்ச், மோதிரம், சாவிக்கொத்து, பெல்ட், கடைசியில் கம்பிச் சட்டக் கண்ணாடி. எல்லாம் போனதும், நழுவும் பேன்ட்டை ஒரு கையில் பிடித்தபடி பார்வையற்ற கொக்கைப்போல் இறங்கினேன். மண் குளிர்ந்திருந்தது, எண்ணெயும் மஞ்சளும் மணந்தன. மேலே வந்து அவர் முதுகில் பட்டும் படாமலும் பூசினேன்.

"அழுத்தித் தேயி மாப்பிள்ளே," என்றார். "அங்க ஒண்ணும் வெக்கல."